சாவித் துவாரத்துக்குள் எட்டிப் பார்த்தோம்!

திருத்தணிக்கு வருகிற கார்களெல்லாம் நேரே முருகன் கோயில் மலைக்குத்தான் போகும் என்றா நினைக்கிறீர்கள்? சில கார்களின் பயணம் அடிவாரத்தோடு சரி. சித்தூர் சாலைப் பக்கம் தகரக் கூரை ஷெட்டுகளில் பானட்டைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடும். அப்படி ஒரு ஷெட்டுக்குள் புகுந்து பார்க்க நமக்கு அனுமதி கிடைத்திருக்கிறது! வாடிக்கையாளர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தாண்டி, அந்த கிரீஸ் படிந்த திரைச்சீலையையும் தாண்டி, நிஜமாகவே உள்ளே! வாங்க, கூடவே வாங்க. வெள்ளைச் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

முதலில் வெயில். கோடைக்கால வானிலைச் செய்திகளில் திருத்தணி பெயர் அடிக்கடி முதல் வரிசையில் வருமே, அது வெளியே மரத்தடி வெயில். தகரத்துக்குக் கீழே அதற்குத் தனிக் கணக்கு. ஒரு மூலையில் பெடஸ்டல் ஃபேன் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறது. காற்று வரவில்லை, சத்தம் வருகிறது. சுவரில் வேலோடு முருகன் படம், அதில் தொங்கும் மாலைக்குப் பக்கத்திலேயே ஃபேன் பெல்ட்டுகளும் மாலை மாலையாகத் தொங்குகின்றன. இன்னொரு மூலையில் செங்கல் மேல் நிற்கிறது ஓர் அம்பாசடர். இன்ஜின் இல்லை. ஆனால் பின் சீட்டு மட்டும் பளபளவென்று இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஷெட் மொத்தமும் முறை வைத்துத் தூங்குவது அதில்தானாம்! 2014-இல் உற்பத்தியை நிறுத்திய வண்டி, திருத்தணியில் இன்னும் ஏதோ ஒரு வேலை பார்க்கிறது.

அதற்குப் பக்கத்தில் தூசி போர்த்திய மிட்சுபிஷி லான்சர் ஒன்று. "இது நம்ம ஜில்லா வண்டி சார்" என்று ஷெட்டின் மேஸ்திரி மார்தட்டுகிறார். உண்மைதான். 1998-இல் இந்தியாவுக்கு வந்த அந்த கார், இந்துஸ்தான் மோட்டார்ஸின் திருவள்ளூர் ஆலையில் உருவானது. இந்த ஷெட்டில் அதற்குக் கொஞ்சம் மரியாதை அதிகம். மேலே யாரும் டீ கிளாஸ் வைப்பதில்லை.

சரி, நம் கதாநாயகன் வருகிறான். வருகிறான் என்பதைவிட அலறிக்கொண்டு வருகிறான் என்பதே சரி. ஒரு வெள்ளை மாருதி 800. இன்ஜின் ஓடுகிறது, ஆனால் அதற்கு மேல் 'கிர்ர்ர்ர்' என்று ஓர் இரும்பு ஓலம். பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டுகிறார். மேஸ்திரி ஓடிப் போய் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை ஒரு சுண்டு சுண்டினார். ஓலம் நின்றது. பக்கத்து டீக்கடை உட்பட அந்த வட்டாரமே மூச்சு விட்டது.

"ஸ்டார்ட் பண்ணா சாவி திரும்பி வர மாட்டேங்குது தம்பி. நான்தான் கையால இழுத்து விடணும். நேத்து மலை மேல மானம் போச்சு."

"செல்ஃப் வெந்து போயிருக்கும் சார். நல்லவேளை, முருகன் காப்பாத்திட்டாரு."

பின் சீட்டிலிருந்து வாத்தியார் வீட்டு அம்மா சொன்னார்: "முருகன் இல்லப்பா, நான். நான்தான் சாவியத் திருப்புங்கன்னு கத்தினேன்."

விஷயம் இதுதான். ஸ்டார்ட் செய்யும்போது சாவியைக் கடைசி வரை முறுக்குகிறோம். கையை எடுத்ததும் ஒரு ஸ்பிரிங் அதைத் தானாக ஒரு படி பின்னே தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகும், அதைக் கிளப்பிவிடும் செல்ஃப் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். சில விநாடி வேலைக்காகச் செய்யப்பட்ட மோட்டார் அது. சும்மா விட்டால் புகைந்துவிடும். புது சுவிட்ச் வாங்கிப் போட்டுவிடலாமே என்று நமக்குத் தோன்றும். மேஸ்திரிக்குத் தோன்றவில்லை. இங்கேதான் வேடிக்கையே ஆரம்பம்!

அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சாவியை மெல்ல நுழைத்தார், எடுத்தார், நுழைத்தார். பிறகு ஒவ்வொரு படியாகத் திருப்பினார். ஷெட்டில் ரேடியோவை யாரோ சட்டென்று குறைத்தார்கள். இது இங்கே வழக்கமாம். மேஸ்திரி கண்ணை மூடினால் ரேடியோ வாயை மூட வேண்டும். சாவியே திரும்பாவிட்டால் ஒரு வழக்கு, திரும்பியும் சத்தமே இல்லாவிட்டால் வேறு வழக்கு, 'டக் டக்' என்று மட்டும் கேட்டால் பேட்டரியையும் அதன் டெர்மினலையும் முதலில் பார்க்க வேண்டும். "பேட்டரி செத்ததுக்கு சுவிட்ச மாத்திட்டு வர்றவங்க நிறைய பேர் சார்" என்று சிரிக்கிறார். கண்ணைத் திறந்ததும் தீர்ப்பின் முதல் வரி வந்தது: "உள்ள நுழையும்போதே கரகரன்னுது. இன்னொரு சாவி இருக்குமே, எங்க?"

வாத்தியார் விழிக்க, அம்மா கைப்பையைத் திறந்தார். மஞ்சள் துணியில் முடிந்த இரண்டாவது சாவி! வண்டி வாங்கிய நாளிலிருந்து யாரும் பயன்படுத்தாதது. இரண்டையும் உள்ளங்கையில் அருகருகே வைத்துக் காட்டினார் மேஸ்திரி. நாமும் குனிந்து பார்த்தோம். அடேயப்பா! புதுசில் பற்கள் மூலை மூலையாக நிற்கின்றன. பழசில் மேடும் பள்ளமும் கரைந்து, வழவழவென்று கிடக்கின்றன. சாவித் துவாரத்துக்குள் வரிசையாகச் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள் இருக்கின்றன. சாவியின் ஒவ்வொரு பல்லும் அததற்கான தகட்டைச் சரியான உயரத்தில் நிறுத்தினால்தான் உள்ளே இருக்கும் உருளை சுழலும். பல் தேய்ந்தால் தகடு பாதியில் நின்று உரசும்.

புதுச் சாவியைப் போட்டார். முன்னைவிட நன்றாகவே திரும்பியது. ஆனால் திரும்பி வரும்போது இன்னும் ஒரு சோம்பல். பாதி வழக்குதான் முடிந்திருக்கிறது.

அதற்குள் பையன், அதாவது இங்கே எல்லோராலும் "டேய்" என்று மட்டுமே அழைக்கப்படுகிற உதவியாளன், பழைய சாவிக்கொத்தைக் கையில் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தான். என்னென்ன தொங்குகிறது பாருங்கள்: மலையடிவாரக் கடையில் வாங்கிய பித்தளை வேல், ஒரு மயில், வீட்டுச் சாவி, கேட் சாவி, பீரோ சாவி, எந்தப் பூட்டுக்கு என்று வாத்தியாருக்கே ஞாபகம் இல்லாத திண்டுக்கல் சாவி ஒன்று. "இத வச்சு டம்பெல்ஸ் அடிக்கலாம்ணா" என்றான் பையன். இத்தனையும் ஓடுகிற வண்டியில் ஆடி ஆடி, அந்தச் சின்னப் பித்தளை உருளையைக் கீழே இழுத்துக்கொண்டே இருந்திருக்கின்றன.

சிரிக்காதீர்கள். இந்தச் சாவிக்கொத்து விவகாரம் அமெரிக்காவையே ஒரு கலக்குக் கலக்கியது. 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இக்னிஷன் சுவிட்ச் கோளாறுக்காக ஏறத்தாழ 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அந்த சுவிட்சின் பிடிமானம் தளர்வு. கொத்தின் எடையோ ஒரு குலுக்கலோ போதும், ஓடும் வண்டியில் சாவி நழுவி இன்ஜின் நின்றுவிடும், விபத்து நேரத்தில் காற்றுப்பையும் விரியாது. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. பழுது பார்க்கும்வரை சாவியை மட்டும் தனியாக வைத்து ஓட்டுங்கள் என்றுதான் ஓட்டுநர்களுக்குச் சொன்னார்கள். அது பிறவிக் கோளாறு, நம் மாருதிக்கு வந்திருப்பது வயதுக் கோளாறு. இரண்டும் வேறுதான். ஆனால் மருந்தின் முதல் வேளை ஒன்றே. மேஸ்திரி பித்தளை வேலைக் கழற்றி வாத்தியார் சட்டைப் பையில் பக்தியோடு போட்டார்.

டீ வந்தது. டீயோடு ஆந்திரா பக்கத்து லாரி டிரைவர் ஒருவரும் வந்தார். அவர் தெலுங்கில் கேட்க, மேஸ்திரி தமிழில் பதில் சொல்ல, பையன் இரண்டிலும் கலந்து கிண்டல் செய்ய, வேலை தடையில்லாமல் நடக்கிறது. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணியே ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. போராடி மீட்ட ஊர். எல்லை மாறினாலும் ஷெட் மொழி மாறவில்லை. 'செல்ஃப்', 'ஒயரிங்', 'டெர்மினல்' எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் பொது.

'செல்ஃப்' என்று எல்லோரும் செல்லமாகச் சொல்வதற்கு வயது நூறுக்கு மேல். அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912 மாடல் கேடிலாக்கில் வந்தது. அதற்கு முன் முன்பக்கம் நின்று இரும்பு ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். அது எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு போச்சு. இந்த ஷெட்டிலும் அம்பாசடருக்கு ஹேண்டில் போட்ட தழும்பு ஒன்று மேஸ்திரியின் முழங்கையில் இருக்கிறது. கேட்டால் கதை சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்! செல்ஃபுக்கு இந்தப் பக்கத்தோடும் ஓர் உறவு உண்டு: சென்னையிலிருந்து திருத்தணி வழியாகத் திருப்பதி போகும் சாலையில்தான் சென்னையின் பாடிப் பகுதியும் இருக்கிறது. 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். அங்கிருந்து நாட்டுக்கே செல்ஃப் மோட்டார் செய்து கொடுத்தது.

டீ முடிந்தது. இப்போது நிஜமான அறுவைச் சிகிச்சை. முதல் காரியமாக பேட்டரி டெர்மினலைக் கழற்றினார்கள். இதில் மட்டும் ஷெட்டில் விளையாட்டே கிடையாது. பிறகு ஸ்டியரிங்கை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கூட்டைப் பிரிக்க வேண்டும். பையன் தலைகீழாகப் படுத்துக்கொண்டான். கால் மட்டும் வெளியே தெரிகிறது. கழன்ற ஸ்குரூக்கள் ஒவ்வொன்றாக ஒரு தேங்காய் எண்ணெய் டப்பா மூடிக்குள் விழ, ஒன்று மட்டும் கார்பெட்டுக்கு அடியில் உருண்டது. தேடினால் கிடைத்தவை: ஒரு 25 பைசா, காய்ந்த மல்லிகைச் சரம், கோயில் சீட்டு, வாத்தியார் பல வருடங்களாகத் தேடிய பேனா மூடி. "என் ஹீரோ பேனாவோடது!" என்று அவர் குழந்தையாகக் குதித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஸ்குரூ கடைசியில்தான் கிடைத்தது.

உள்ளே பார்த்தால், நாம் 'சுவிட்ச்' என்று ஒன்றாகச் சொல்வது உண்மையில் இரண்டு ஆள். முன்னால் சாவி நுழையும் பூட்டு, பின்னால் ஒயர்கள் சேரும் மின்சார சுவிட்ச். மேஸ்திரி பின்னாலிருப்பவனைத் தனியே பிரித்தார். திருப்புளியை வைத்துத் திருப்பினார். டக்கென்று போய், டக்கென்று திரும்பியது. பையன் பேட்டரியை மறுபடி இணைக்க, டெஸ்ட் லேம்பும் ஒழுங்காக எரிந்தது. "இவன் நிரபராதி." அப்படியானால் குற்றவாளி பூட்டுதான்.

டார்ச் அடித்துத் துவாரத்தைப் பார்த்த மேஸ்திரி உரக்கச் சிரித்தார். நம்மையும் கூப்பிட்டுக் காட்டினார். விளிம்பெல்லாம் வெள்ளையும் சிவப்பும் கறுப்புமாக ஒரு குழம்பு. வண்டிக்கு பூஜை போடும்போதெல்லாம் சாவிக்கும் திருநீறு, சந்தனம், குங்குமம். அந்தச் சாவி அப்படியே உள்ளே போகிறது. இறுகும்போதெல்லாம் வாத்தியார் அதில் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார். எண்ணெயில் தூசி ஒட்டி, தூசியில் திருநீறு ஒட்டி…

"பஞ்சாமிர்தம் மாதிரி ஆயிருக்கு சார்!"

ஷெட்டே அதிர்ந்தது. அம்மாவுக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. திருத்தணியில் இது அடிக்கடி வரும் கேஸாம். ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கும் பிறகு இன்னும் அதிகமாம்.

காண்டாக்ட் கிளீனரை உள்ளே பீய்ச்சினார்கள். கறுப்பாக வழிந்தது. காற்றுக் குழாயால் ஊதினார்கள். மறுபடி பீய்ச்சினார்கள். தெளிவாக வழியும்வரை இதே வேலை. காய்ந்த பிறகு பையன் தன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து உப்புக்காகிதத்தில் தேய்த்தான். அந்தக் கறுப்புப் பொடியில் சாவியைப் புரட்டி நுழைத்தான். எண்ணெய்க்குப் பதில் கிராஃபைட். வழுக்கும், ஆனால் தூசியைப் பிடித்து வைக்காது.

இதற்கிடையில் மேஸ்திரி ஒரு டின்னைக் கவிழ்த்து, நிஜமாகவே செத்துப்போன சுவிட்ச் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். செப்புத் தொடுமுனைகள் கருகி, பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது. ஹாரன், ஃபேன், ஸ்டீரியோ, சீரியல் லைட் எல்லாவற்றையும் ரிலே போடாமல் ஒரே ஒயரில் தொங்கவிட்டிருந்தாராம் அந்த ஓனர். இதற்கு மட்டும் புதுசு மாற்றுவதைத் தவிர வழியில்லை.

எல்லாம் மூடியாயிற்று. வாத்தியார் சாவியைத் திருப்பினார். 'விர்'. கையை எடுத்தார். 'டக்'. சாவி தானாகப் பின்னே வந்தது! மறுபடி அணைத்தார், மறுபடி ஸ்டார்ட் செய்தார், திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். "போதும் சார், பேட்டரி அழும்" என்று மேஸ்திரிதான் தடுத்தார். பில்லைப் பார்த்த வாத்தியாருக்குச் சந்தோஷம், கூடவே சின்ன ஏமாற்றம். "புதுசா ஒண்ணுமே போடலையா?"

"பென்சில் பொடி போட்டிருக்கோமே சார்."

கிளம்பும்போது மலைக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்கான பாடம் ஒன்றையும் மேஸ்திரி கொடுத்து அனுப்பினார். மலைப்பாதையில் சரிவில் நிறுத்திச் சக்கரத்தை ஓரக்கல்லுக்குத் திருப்பி வைத்தால், ஸ்டியரிங் பூட்டு இறுகிச் சாவி அசையாமல் அடம் பிடிக்கும். சாவியோடு சண்டை போட்டால் சாவிதான் உடையும். ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டிக்கொண்டே திருப்பினால் விட்டுக்கொடுத்துவிடும்.

உங்கள் வீட்டிலும் பழைய கார் இருக்கிறதா? இன்றைக்கே அந்த இரண்டாவது சாவியைத் தேடி எடுங்கள். டூப்ளிகேட் வெட்டுவதென்றால் தேய்ந்ததைக் கொடுக்காமல் அதைக் கொடுத்து வெட்டுங்கள். பூஜைக்குச் சாவியை வைத்தால் துடைத்துவிட்டு நுழையுங்கள். ஸ்டார்ட் ஆன பிறகும் செல்ஃப் அலறினால் உடனே சாவியைக் கையால் பின்னே திருப்புங்கள். அப்படியும் நிற்காவிட்டால் இன்ஜினை அணைத்து, பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.