உங்களுக்குப் பின்னாடி வந்தவரை முதல்ல பார்க்குறாங்களா? எமர்ஜென்சி வாசல்ல நர்ஸ் போடும் கணக்கு இதுதான்!

ராமேஸ்வரத்துல ஒரு எமர்ஜென்சி வார்டுனு வெச்சுக்கோங்க. காலில் திருக்கை முள் குத்தி, வலி தாங்காம கத்துற ஓர் இளைஞர். அவருக்குப் பிறகு வந்தது, ரெண்டு நாள் வயிற்றுப்போக்கால் அம்மா தோள்ல துவண்டு கிடக்கும் ஒரு குழந்தை. நர்ஸ் யாரை முதல்ல உள்ளே அனுப்புவார்?

குழந்தையைத்தான். கத்துறவருக்கு மூச்சும் நினைவும் நல்லா இருக்கு. அழக்கூட தெம்பில்லாத குழந்தைதான் ஆபத்தின் விளிம்பில் இருக்கு. இப்படி, வந்த வரிசையை விட்டுட்டு ஆபத்தின் வரிசையில் நோயாளிகளைப் பிரிப்பதுதான் 'ட்ரயாஜ்'.

ஒரு நிமிஷம் போதும்!

இதுக்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முக்கிய அறிகுறிகள் இவை:

* மூச்சு விடவே திணறுவது, உடல் நீலம் பாய்வது
* கை சில்லிட்டுப் போவது. நகத்தை அழுத்தி விட்டதும் 3 விநாடிக்குள் பழைய நிறம் திரும்பாதது
* வலிப்பு, நினைவிழப்பு
* வயிற்றுப்போக்குடன் கண் குழிவிழுந்து, குழந்தை துவண்டு போவது

இதில் ஒண்ணு இருந்தாலும் உடனடி சிகிச்சை. டாக்டர் ஒருத்தர், காத்திருப்பவங்க 50 பேர்ங்கிற இடத்துல, இதை வாசல்லயே கண்டுபிடிக்கும் நர்ஸ்தான் முதல் பாதுகாப்பு.

எபோலா கத்துக்கொடுத்த பாடம்

2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவைத் தாக்கிய எபோலா, சியரா லியோனில் மட்டும் ஏறக்குறைய 4,000 உயிர்களைப் பறிச்சது. அதில் 200-க்கும் மேற்பட்டவங்க மருத்துவப் பணியாளர்கள். நோய் அடங்கிய பிறகு, அங்குள்ள அரசு மருத்துவமனைகளின் நர்ஸ்களுக்குக் குழந்தைகளுக்கான ட்ரயாஜ் பயிற்சி கொடுத்தாங்க. இது பலன் தரும்னு மலாவி முன்பே காட்டியிருந்தது. அங்கே பிளான்டையரின் பெரிய அரசு மருத்துவமனையில் ட்ரயாஜையும் அவசர சிகிச்சையையும் சீரமைச்சதும், அட்மிட் ஆன குழந்தைகளின் இறப்பு 10-18 சதவிகிதத்திலிருந்து 6-8 சதவிகிதமாகக் குறைஞ்சது.

நமக்கும் இது புதுசில்லை. கொரோனா நேரத்தில் உங்க விரல்ல ஆக்சிமீட்டர் மாட்டி, வீட்டுக்கா, வார்டுக்கானு பிரிச்சாங்களே... அதுவும் ட்ரயாஜ்தான். தமிழக அரசின் 'தாய்' அவசர சிகிச்சைத் திட்டத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சைனு பிரிக்கிறாங்க. சிவப்புன்னா உடனே. மஞ்சள்னா சீக்கிரம். பச்சைன்னா காத்திருக்கலாம்.

நம்ம கடற்கரைக்கு ஏன் முக்கியம்?

ராமேஸ்வரத்திலிருந்து பாம்பன் பாலம் தாண்டி, 2022-ல் திறக்கப்பட்ட ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போக 50 கிலோமீட்டருக்கு மேல். யாரை முதலில் 108-ல் ஏத்தணும்னு தீவுக்குள்ளயே சரியா முடிவெடுத்தால்தான் அந்தப் பயண நேரத்தைச் சமாளிக்க முடியும்.

நீங்க என்ன பண்ணணும்?

நர்ஸைப் பார்த்ததும் முழுக் கதையைச் சொல்லாதீங்க. என்ன பிரச்னை, எப்போ ஆரம்பிச்சது, மூச்சு, நினைவு, ரத்தப்போக்கு எப்படி இருக்கு... இதை முதல்ல சொல்லுங்க. சர்க்கரை நோய், கர்ப்பம், பாம்புக்கடி இருந்தால் மறைக்காதீங்க.

காத்திருக்கும்போது நிலைமை மோசமானால், தயங்காம திரும்பப் போய்ச் சொல்லுங்க. பச்சை எந்த நிமிஷமும் சிவப்பாகலாம். அதே மாதிரி, உங்களைத் தாண்டி ஒருத்தரை உள்ளே கூட்டிட்டுப் போனா, நர்ஸ்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. அந்த ரெண்டு நிமிஷம் உள்ளே இருக்குறவரோட உயிர்!