ராஜா பேசிய மொழி மலைக்குள் ஒதுங்கியது!

ஸ்பெயின் நாட்டின் வடக்கே பிரனீஸ் என்ற பெரிய மலைத்தொடர் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் பிரான்சு. இந்தப் பக்கம் அரகோன்.

அரகோனில் சுமார் 13 லட்சம் பேர் வாழ்கிறார்கள். அந்த மண்ணுக்குச் சொந்தமாக ஒரு மொழி உண்டு. அதன் பெயரும் அரகோன் மொழிதான். ஆனால், அதை இன்று பேசுகிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா? சுமார் 10 ஆயிரம் பேர்தான் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்! மற்றவர்களில் பெரும்பாலோரின் பேச்சு மொழி ஸ்பானிஷ்.

அக்காள்-தங்கை

இரண்டு மொழிகளும் லத்தீன் என்ற ஒரே தாயின் பிள்ளைகள். மாவுக்கு லத்தீனில் 'ஃபரினா' என்று பெயர். அரகோன் மொழியிலும் 'ஃபரினா'தான். ஸ்பானிஷில் அது 'அரினா' ஆகிவிட்டது. தாய் வீட்டு ஒலியை அரகோன் மொழி விடாமல் காத்து வந்தது.

அந்தக் காலத்துச் செல்வாக்கு

அரகோன் ஒரு காலத்தில் தனி ராஜ்யம். 1035-ம் ஆண்டு முதல் அதற்குத் தனி ராஜா இருந்தார். அரண்மனை ஓலைகள் இந்த மொழியிலும் எழுதப்பட்டன. எரேதியா என்ற பிரபு கிரேக்க அறிஞர் புளூடார்க்கின் நூலை இந்த மொழியில் பெயர்க்கச் செய்தார். அவர் 1396-ல் காலமானார்.

1412-ல் நிலைமை மாறியது. ஸ்பானிஷ் பேசும் வம்சம் அரகோன் சிம்மாசனத்தில் ஏறியது. பெரிய மனிதர்கள் ராஜாவின் மொழிக்கு மாறினார்கள். பட்டணமும் மாறியது. அரகோன் மொழி மெல்ல மெல்ல மலைக்குள் ஒதுங்கியது. எச்சோ, அன்சோ, பியெல்சா முதலிய பள்ளத்தாக்குகளில் குடியானவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் அதைக் காப்பாற்றினார்கள்.

"பட்டிக்காட்டுப் பேச்சு"

1939 முதல் 1975 வரை பிராங்கோவின் சர்வாதிகார ஆட்சி நடந்தது. பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் மட்டும்தான்! மலை மொழி பேசினால், "பட்டிக்காட்டுப் பேச்சு" என்று கேலி செய்தார்கள். "நம் பிள்ளைக்கு இந்த அவமானம் வேண்டாம்" என்று பெற்றோர் நினைத்தார்கள். பிள்ளைகளிடம் ஸ்பானிஷ் பேசினார்கள்.

பிழைப்பைத் தேடி ஜனங்கள் மலையை விட்டு இறங்கினார்கள். அணை கட்டியதால் சில ஊர்கள் மூழ்கின. மெடியானோ என்ற ஊர் 1969-ல் மூழ்கியது. அதன் மாதா கோவில் கோபுரம் மட்டும் இன்றும் தண்ணீருக்கு மேலே தலைகாட்டுகிறது.

பெயருக்கும் ஆபத்து!

2009-ல் மொழியைக் காக்க அரகோன் சர்க்கார் சட்டம் கொண்டு வந்தது. 2013-ல் வேறு சட்டம் வந்தது. அதில் இந்த மொழிக்கு, "பிரனீஸ் பகுதிக்கும் அதன் அடிவாரப் பகுதிக்கும் உரிய அரகோன் மொழி" என்று முழ நீளப் பெயர் சூட்டினார்கள். ஊரே சிரித்தது! 2016-ல் பழைய பெயர் திரும்ப வந்தது.

2021-ல் மொழிக் கழகம் அமைந்தது. 2023-ல் எல்லோருக்கும் பொதுவான எழுத்து முறையை அது வெளியிட்டது. சில பள்ளிக்கூடங்களில், விரும்பும் பிள்ளைகளுக்கு இந்த மொழியைச் சொல்லித் தருகிறார்கள். பட்டணத்து இளைஞர்களும் ஆசையோடு கற்கிறார்கள். ஆனாலும், அழியும் ஆபத்தில் உள்ள மொழிகளின் பட்டியலில் யுனெஸ்கோ சபை இதைச் சேர்த்திருக்கிறது.

காரணம் என்ன? பள்ளிக்கூடத்தில் வாரத்துக்குச் சில மணி நேரம்தான் பாடம். வீட்டிலோ நாள் முழுவதும் பேச்சு! ராஜா கைவிட்ட பிறகும் இந்த மொழி 600 ஆண்டு உயிரோடு இருந்தது. தாய்மார்கள் அடுப்படியில் பிள்ளைகளோடு அதைப் பேசியதால்தான் இருந்தது. இனி அது பிழைப்பதும் அந்த அடுப்படியைப் பொறுத்ததே.