துணியோடு தொழில் – 9: ஓரப்பட்டி படுத்தும் பாடு

சென்ற வாரம் மூன்று அடுக்கையும் ஒன்றாகப் பிடித்து நூலோட்டம் போடுவது வரை வந்திருந்தோம். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் பழைய சேலை. இனி ஓரம் மட்டும்தானே என்று யாரும் நிம்மதியடைய வேண்டாம். போர்வை தைக்கிறவர்களை அதிகம் அழவைப்பது இந்த ஓரப்பட்டிதான். நடுவில் நூறு துண்டுகளைப் பொறுமையாக இணைத்தவர்கள்கூட ஓரத்துக்கு வந்ததும் அவசரப்படுகிறார்கள். சோர்வு ஒரு காரணம். நல்ல துணியெல்லாம் நடுவில் போய்விட்டதால் கையில் மிஞ்சிய எதையாவது சுற்றிக் கட்டிவிடுவது இன்னொரு காரணம்.

வங்காளத்துக் கந்தாவைப் போலப் பேர்போன போர்வை மரபு எதுவும் நம் ஊரான மாத்தளைக்குக் கிடையாது. தேவை மட்டும் உண்டு. நகரத்தில் வியர்க்கும், ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் பக்கம் ஏறினால் மார்கழி இரவில் ஒரு கம்பளி போதாது. துணிக்கும் பஞ்சமில்லை. 1992இல் தொடங்கிய இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்துக்குப் பிறகு கார்மென்ட் வேலை கிராமங்களுக்கும் வந்தது. கார்மென்ட் வந்த இடத்தில் வெட்டுத்துண்டும் வந்தது. கிலோக்கணக்கில் வாங்கி மிதியடியும் தலையணை உறையும் தைத்தவர்கள், பிறகு போர்வையிலும் கை வைத்தார்கள்.

மாத்தளையில் துணி வேலை என்றால் அளுவிகாரையைச் சொல்லாமல் போக முடியாது. எனா டி சில்வா (1922–2015) தமது சொந்த ஊரான அங்கே திரும்பி வந்து, கிராமத்துப் பெண்களை வைத்து பத்திக்கும் பூத்தையலும் செய்வித்தார். மரவேலையும் பித்தளை வேலையும் அதே வளவில் நடந்தன. கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் பெந்தோட்டை பீச் ஹோட்டலின் கூரையில் விரிந்திருந்த பத்திக் எனாவின் பட்டறையில் உருவானது. 1982இல் திறந்த கோட்டை நாடாளுமன்றத்தின் கொடிகளும் அவர் செய்தவையே. இவ்வளவு பெரிய துணியைத் தொங்கவிடுகிறவர்கள் ஓரத்தை அலட்சியம் செய்ய முடியாது. வண்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஓரம் கோணினால் முழுத் துணியும் கோணலாகத்தான் தொங்கும். போர்வை கட்டிலில் கிடப்பதால் கோணல் சட்டென்று தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் நாம் பிழை விடுகிறோம்.

இனிப் பிழைகளைப் பார்ப்போம். முதலாவது நம் ஊருக்கே உரியது. தையல் புத்தகங்கள் எல்லாம் கரையோடு கூடிய முழுத் துணியிலிருந்து பட்டி வெட்டச் சொல்கின்றன. கடையில் யார் கணக்கில் வாங்கிய துணியில் இரண்டு பக்கமும் கரை இருக்கும். எது பாவு, எது ஊடை என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். கார்மென்ட் வெட்டுத்துண்டில் கரை இருக்காது. கழுத்து வெட்டியதுபோக ஒரு பிறை, கை வெட்டியதுபோக ஒரு முக்கோணம், இப்படித்தான் வரும். அதில் கண்ணுக்கு நேராகத் தெரியும் பக்கத்தை நேர் என்று நம்பிப் பட்டி வெட்டினால், பட்டியின் ஒரு பாதி பாவு வழியே போகும், மறுபாதி சாய்ந்து ஓடும். மெசினில் வைக்கும்போது ஒரு பாதி இழுபடும், மறுபாதி இழுபடாது. தைத்தவர் தன் கையை நொந்துகொள்வார்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. துண்டை இரண்டு கையாலும் பிடித்து ஒவ்வொரு திசையிலும் இழுத்துப் பாருங்கள். பாவு வழியே இழுத்தால் கொடுக்காது. ஊடை வழியே கொஞ்சம் கொடுக்கும். மூலைக்கு மூலை இழுத்தால் நன்றாக நீளும். சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை மெல்ல உருவுங்கள். நூல் போன இடத்தில் ஒரு கோடு விழும். அதுதான் துணியின் உண்மையான நேர்க்கோடு. அடிமட்டத்தை அதில் வைத்து வெட்டுங்கள். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் பட்டி முழுவதையும் பிரித்துத் தைக்கப் பிடிக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை.

அதே மூட்டையில் பனியன் துணியும் கலந்திருக்கும். நிறம் பொருந்துகிறது என்று அதை ஓரத்துக்கு எடுக்கவே கூடாது. இழுத்துவிட்டால் விளிம்பு சுருண்டுகொள்ளும் துணி எல்லாம் பின்னல் துணி. அதை மிதியடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் வெள்ளைச் சீருடைத் துணியில் மிஞ்சிய துண்டு நேராகவும் இருக்கும், வெட்டவும் சுகம். ஆனால் போர்வையின் தலைமாட்டு ஓரத்தில் வெள்ளை வைத்தால் ஒரே மாதத்தில் அழுக்குப் பட்டை தெரியும். கால்மாட்டுக்குக் கூட எனக்கு அதில் சம்மதமில்லை.

நேர் பார்த்து வெட்டுவதற்குப் பதில் கிராஸாக, அதாவது மூலைவாக்கில், வெட்டினால் என்ன என்று கேட்பார்கள். ரவிக்கைக் கழுத்துக்குக் கிராஸ் பட்டி வைத்துப் பழகிய கைக்கு அதுவே எளிதாகத் தோன்றும். நான்கு பக்கமும் நேரான போர்வைக்கு அது தேவையே இல்லை. வளைந்த ஓரத்துக்கு மட்டும் கிராஸ் வேண்டும். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்துக்குப் பஞ்சரதம் ஓடும்போது தேர்களின் தொங்கல் சீலைகளைப் பாருங்கள். அடி ஓரம் வளைவு வளைவாக இருக்கும் சீலைக்கு நேர்ப்பட்டி வைத்தால் ஒவ்வொரு வளைவிலும் சுருக்கு விழும். கிராஸ் பட்டி வளைவோடு சேர்ந்து படியும். கிராஸ் பட்டிக்கு எவ்வளவு துணி வேண்டும் என்பதற்குச் சுலபமான கணக்கு ஒன்று உண்டு. சதுரத் துணியின் பக்க அளவை அதே அளவால் பெருக்கிப் பட்டியின் அகலத்தால் வகுக்க வேண்டும். 30 அங்குலச் சதுரத்தில் இரண்டரை அங்குலப் பட்டி வெட்டினால் 360 அங்குல நீளம் கிடைக்கும். இணைப்பில் போவதை அதிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

நேர்ப்பட்டிக்கும் ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். 60க்கு 90 அங்குலப் போர்வை. நான்கு பக்கமும் சேர்த்து 300. மூலைக்கும் கடைசி இணைப்புக்கும் 12 கூட்டினால் 312. துணியின் அகலம் கரை போக 42 அங்குலம் என்றால் எட்டுப் பட்டி வெட்ட வேண்டும். எட்டும் சேர்ந்து 336. ஏழு இணைப்புகளில் இரண்டிரண்டரை அங்குலமாகப் பதினேழரை போனால் மிச்சம் 318 சொச்சம். போதும், ஆனால் தாராளமில்லை. ஏழு பட்டியே காணும் என்று கண்மதிப்பில் வெட்டியவர்கள் நாலாவது பக்கத்தின் நடுவில் நின்றுகொண்டு அதே துணியைத் தேடிக் கடைக்கு ஓடுவார்கள். வெட்டுத்துண்டு வாங்குகிறவர்களுக்கு அந்த வழியும் இல்லை. அதே துணி இரண்டாம் முறை வராது.

அகலத்தில் சிக்கனம் பிடிப்பதும் இதே ரகம். இரண்டரை அங்குலம் வெட்டி, நீளவாக்கில் இரண்டாக மடித்து, கால் அங்குலம் உள்ளே தைத்துத் திருப்பினால் பின்பக்கத் தையலை மூடி நிற்கும். துணி மிச்சமாகட்டும் என்று இரண்டு அங்குலமாக வெட்டினால், நம் கடைகளில் கிடைக்கும் தடித்த பாலியஸ்டர் பஞ்சைத் தாண்டிப் பின்பக்கம் எட்டாது. எட்ட வைக்க இழுப்போம். இழுத்த இடமெல்லாம் முன்பக்கம் திரும்பிக்கொள்ளும். பெரிய துணியை மடித்து வெட்டுகிறவர்கள் மடிப்பு கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கோணினால் பட்டியை விரித்ததும் நடுவில் முழங்கை போல ஒரு மடக்கு நிற்கும். அயன் பண்ணி அதை நேராக்க முடியாது.

ரத்தோட்டைப் பக்கம் ஒரு தங்கை தான் தைத்ததைத் தரையில் விரித்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, நடுவுல எல்லாம் நேராத்தான் இருக்கு. ஓரத்துல மட்டும் ஏன் இப்படி அலை அலையா வருது? மெசின் பழசுங்கிறதாலயா?" மெசின் மீது பழி போடுவது நம் வழக்கம். சிங்கர் 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. பாட்டி காலத்து மிதி மெசின் இன்னும் ஓடும் வீடுகள் எத்தனையோ. மெசின் தன் இயல்பைத்தான் காட்டுகிறது. கீழே இருக்கும் பல் அடித்துணியை இழுத்துக்கொண்டு போகும். மேலே இருக்கும் பாதம் மேல்துணியை அழுத்திப் பின்தங்க வைக்கும். ஒற்றைத் துணியில் இது தெரியாது. மூன்று அடுக்கு, அதன் மேல் இரண்டு மடிப்புப் பட்டி என்று வரும்போது மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் அங்குலக்கணக்கில் வித்தியாசம் வந்துவிடும். அதைச் சமாளிக்கப் பட்டியை இழுத்துப் பிடித்தால் போர்வையின் ஓரம் சுருங்கிக் குவியும். பட்டியைத் தளரவிட்டுப் போர்வையை இழுத்தால் அலை அடிக்கும்.

இதற்கென்றே தனிப் பாதம் விற்கிறார்கள்; மேல்துணியையும் சேர்த்து நடத்திக்கொண்டு போகும். எல்லா ஊரிலும் கிடைக்காது, விலையும் அதிகம். பாதக் கம்பியின் உச்சியில் இருக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் அழுத்தம் குறையும். அதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். மீதிப் பாதி அளவில் இருக்கிறது. போர்வையின் நீளத்தை ஓரத்தில் அளக்காதீர்கள். ஓரம் ஏற்கெனவே இழுபட்டிருக்கும். நடுவில் அளந்து, அந்த அளவைப் பட்டியில் குறித்து, இரண்டையும் பாதியாகவும் காலாகவும் மடித்து அடையாளம் இட்டு, குறியோடு குறி சேர்த்துக் குண்டூசி குத்திவிட்டுத் தையுங்கள். கையால் இழுக்கும் வேலையே இராது. அந்தத் தங்கையின் போர்வையில் நடு அளவைவிட ஓர அளவு கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் கூடுதல். நனைத்துக் காயப்போட்டால் சரியாகிவிடும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சரியாகாது.

மூலையைப் பற்றி ஒரு முழுக் கட்டுரையே எழுதலாம். முக்கியமான பிழை ஒன்றுதான்: விளிம்பு வரை தைத்துவிடுவது. விளிம்புக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, பின்தையல் போட்டு, நூலை வெட்டிவிட வேண்டும். பிறகு பட்டியை மேலே மடித்தால் சாய்ந்த மடிப்பு விழும். அதையே கீழே மடித்து, மடிப்பு விளிம்போடு ஒட்டி நிற்கும்படி வைத்து, அடுத்த பக்கத்தை மேலிருந்து தொடங்குங்கள். விளிம்பு வரை தைத்த மூலையில் மடிப்புக்கு இடம் இராது. எலி கடித்தது மாதிரி மழுங்கிப் போகும். போர்வையின் மூலையே சரியான கோணத்தில் இல்லாவிட்டால் எந்த மடிப்பும் காப்பாற்றாது. பட்டியை எடுக்குமுன் பிள்ளையின் கணிதப் பெட்டியிலிருந்து மூலைமட்டத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். பட்டியின் இணைப்பு மூலையில் வந்து உட்காராமல் பார்ப்பதும் அவசியம். தைக்குமுன் பட்டியைப் போர்வையைச் சுற்றி ஒருமுறை வைத்துப் பார்த்தால் போதும்.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஹளியாள், எல்லாப்பூர், முண்டகோடு பக்கம் வாழும் சித்திகள், ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள், இந்தத் தலைவலியையே வைத்துக்கொள்வதில்லை. அவர்களுடைய கவந்திப் போர்வை ஓரத்தில் தொடங்குகிறது. அடித்துணியின் விளிம்பை மடித்து, ஓரத்திலிருந்தே துண்டுகளை வைத்துக் கையால் தைத்துக்கொண்டு நடுவை நோக்கி வருவார்கள். நான்கு மூலையிலும் மடித்த துணியில் பூ என்று ஒன்று வைக்காவிட்டால் அவர்கள் கண்ணுக்குப் போர்வை முடியாதது. தனியாகப் பட்டி இல்லை. நாம் கடைசியில் களைத்துப்போய்ச் செய்வதை அவர்கள் கை ஓய்வாக இருக்கும்போதே செய்துவிடுகிறார்கள். நம் முறைதான் சிறந்தது என்று எனக்கு இப்போது அவ்வளவு நிச்சயமில்லை.

பட்டியின் இரண்டு முனையும் சந்திக்கும் கடைசி இணைப்பில் அனுபவசாலிகளும் தடுமாறுவார்கள். ஒவ்வொரு முனையிலும் பத்து அங்குலம் தைக்காமல் விட்டு, ஒன்றின்மேல் ஒன்று பட்டியின் அகலத்துக்கு, அதாவது இரண்டரை அங்குலத்துக்கு, ஏறும்படி வெட்டிச் சாய்வாக இணைக்க வேண்டும். இதில் பட்டி முறுக்கிக்கொள்ளும். வெட்டிய பிறகுதான் தெரியும். வெட்டுமுன் குண்டூசியில் பிடித்து விரித்துப் பாருங்கள். அது கைவரவில்லையென்றால் தொடக்க முனையைச் சாய்வாக மடித்துவிட்டு மறுமுனையை அதற்குள் செருகித் தையுங்கள். சற்றுத் தடிப்பாக இருக்கும், அவ்வளவுதான். வீட்டில் போர்த்துகிற போர்வைக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

பின்பக்கத்தை மெசினில் தைக்க ஆசைப்படாதீர்கள். முன்னால் கோட்டில் போகும், பின்னால் நாலு இடத்தில் பட்டியைத் தவறவிடும். எம்மிங்கைக் கையால் போட்டால் இரண்டு மூன்று மாலைப்பொழுது செலவாகும். விற்பதற்குத் தைக்கிறவர்கள் இந்த நேரத்தையும் விலையில் சேர்க்க வேண்டும். வாங்க வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் முதலில் போர்வையைப் புரட்டி மூலையைத்தான் பார்க்கிறார்கள்.

அடுத்த போர்வைக்குத் துணி பிரிக்கும்போது, ஓரத்துக்கான எட்டுப் பட்டியையும் முதலில் வெட்டி, அயன் பண்ணிச் சுருட்டி வைத்துவிட்டுப் பிறகு நடுத்துண்டுகளைத் தொடங்குங்கள். அடுத்த வாரம் சாயம் இறங்கும் துணிகளைப் பார்ப்போம். உப்பும் வினாகிரியும் போட்டால் பருத்தித் துணியில் சாயம் நின்றுவிடும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். வீட்டில் புதுச் சிவப்புத் துணியோ பத்திக் துண்டோ இருந்தால், அதற்குமுன் அதன் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்து வையுங்கள்.