அடகுக் கடைக்குக் கிளம்பும் முன்...

மாமனாருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாசமாச்சு. இப்பத்தான் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வருகிறார். வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு உறவினர் வந்து, ‘ஸ்டெம் செல் ஊசி போட்டா கை வந்துடுமாமே! சில லட்சம்தான் ஆகுமாம்’ என்கிறார். உங்கள் கண் பீரோ பக்கம் போகிறது. கொஞ்சம் உட்காருங்கள், பேசுவோம்.

ஸ்டெம் செல், தேவைக்கேற்ப வேறு செல்லாக மாறக்கூடிய மூலச் செல். வளர்ந்தவர்களின் எலும்பு மஜ்ஜையிலும் உண்டு. செத்த நரம்புக்குப் பதில் புது நரம்பு முளைக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் மஜ்ஜைச் செல்களை விலங்குகளின் மூளையில் வைத்துப் பார்த்தபோது, அவை ஒரு மாதத்துக்குள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. அதற்குள் அவை சுரக்கும் பொருட்கள், பிழைத்திருக்கும் பகுதியைத் தட்டி எழுப்பக்கூடும் என்பது டாக்டர்களின் கணிப்பு.

நம்பிக்கை சும்மா வரவில்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு டாக்டர் கேரி ஸ்டைன்பெர்க் குழுவினர் 18 நோயாளிகளுக்கு மண்டையில் சின்னத் துளை போட்டு, வேறொருவர் மஜ்ஜையிலிருந்து தயாரித்த செல்களை வைத்தார்கள். பலருக்கும் கை, கால் அசைவில் முன்னேற்றம் தெரிந்ததாக 2016-ல் செய்தி வந்ததும் ஒரே பரபரப்பு! ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, செல் வைக்காத இன்னொரு குழு அதில் இல்லை. அதனால் அடுத்து 163 பேரைச் சேர்த்து, சிலருக்கு மட்டும் செல் வைக்காமல் பாவனை ஆபரேஷன் செய்தார்கள். 2019-ல் தெரிந்த முடிவு: இரு தரப்புக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை.

நம் நாட்டிலும் டெல்லி எய்ம்ஸ் தலைமையில் 5 மருத்துவமனைகள் 120 பேரிடம் சோதித்தன. சிலருக்கு அவரவர் மஜ்ஜைச் செல்லையே ரத்தக்குழாய் வழியே ஏற்றினார்கள். 2014-ல் வெளியான முடிவில் ஆபத்து பெரிதாக இல்லை, பலனும் இல்லை. குளிப்பது, சாப்பிடுவது, நடப்பது என்று ஆறு மாதம் கழித்துப் போட்ட மதிப்பெண்ணில் ரெண்டு தரப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஆராய்ச்சி நடக்கட்டும், தப்பில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைப்படி, பக்கவாதத்துக்கு இதை ஆராய்ச்சியாக மட்டுமே தரலாம். நோயாளியிடம் அதற்குப் பணம் வாங்கக்கூடாது. ஆகவே ஊசி போடக் கூப்பிடுகிறவரிடம் ரெண்டே கேள்வி கேளுங்கள்: ‘இந்த ஆராய்ச்சியோட சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன டாக்டர்? எங்ககிட்ட எதுக்குப் பணம்?’

அதுவரை பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சியை ஒருநாளும் விடாதீர்கள். டம்ளரை எட்டி எடுப்பது, சட்டைப் பொத்தான் போடுவது... நேரமானால் ஆகட்டும், அவரே செய்யட்டும். எட்டு மாதம் கழிந்த பிறகும் கை கொஞ்சம் கொஞ்சமாக வசப்படுவது உண்டு.