வாரத்திற்கு இரண்டு சென்ட்

லக்னோ நகரில் இசபெல்லா தோபர்ன் கல்லூரி என்ற பெண்கள் கல்லூரி ஒன்று உண்டு. பரேலி நகரில் கிளாரா ஸ்வெயின் பெயரால் ஒரு மருத்துவமனை உண்டு. இப்பெயர்களுக்கு உரிய பெண்மணிகள் இருவரும் அமெரிக்காவிலிருந்து ஒரே பயணத்தில் இந்தியாவுக்கு வந்த மிஷனெரிகள். அவர்கள் ஆற்றிய பணியைப் பலர் போற்றி எழுதியுள்ளனர். ஆனால், அவர்களை அனுப்பியவர்கள் யார், எந்தப் பணத்தைக் கொண்டு அனுப்பினர், பணம் தந்தவர்களுக்கு அப்பணத்தின்மீது என்ன உரிமை இருந்தது என்பன போன்ற வினாக்களை எழுப்புவோர் குறைவு. அவற்றுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அமெரிக்கத் திருச்சபைகள் அயல்நாடுகளுக்கு அனுப்பியவர்களுள் பெரும்பாலோர் ஆடவர். பெண்கள் அவர்களுடைய மனைவியராகவே உடன் சென்றனர். பள்ளி நடத்தினர், நோயாளிகளைக் கவனித்தனர். ஆயினும் ஊழியர் பட்டியலில் அவர்களுக்குத் தனியிடம் இல்லை. மணமாகாத பெண்ணைக் கடல் கடந்து அனுப்புவதா? அவள் யார் வீட்டில் தங்குவாள்? யார் பாதுகாப்பு அளிப்பது? இவைதாம் அன்றைய சபைத் தலைவர்களின் கேள்விகள். வட இந்தியாவிலோ நிலைமை வேறாக இருந்தது. ஜெனானா எனப்படும் அந்தப்புரங்களில் ஆண் போதகரோ ஆண் மருத்துவரோ நுழைய முடியாது. உள்ளே பெண்கள் கல்வியின்றியும், பேறுகாலத்தில் மருத்துவமின்றியும் வாடினர். அங்கே செல்லப் பெண்களால்தான் இயலும் என்பதை நேரில் கண்டறிந்தவர்கள் மிஷனெரிகளின் மனைவியரே.

ஜேம்ஸ் தோபர்ன் என்பவர் 1859 முதல் இந்தியாவில் மெதடிஸ்ட் திருச்சபையின் ஊழியராக இருந்தவர். 1866ஆம் ஆண்டு, கிராமம் ஒன்றில் முகாமிட்டிருந்தபோது, மரத்தடியில் கிடந்த கழுகு இறகு ஒன்றை எழுதுகோலாகச் சீவித் தம் தங்கைக்குக் கடிதம் எழுதினார். பெண்களுக்கென ஒரு பள்ளி தொடங்கினால் அதை நடத்த நீ வருவாயா என்பது கேள்வி. வழி திறந்ததும் வருகிறேன் என்று மறுதபாலிலேயே விடை வந்தது. விடை விரைந்து வந்தது, வழிதான் திறக்கவில்லை. அவருடைய திருச்சபையின் மிஷன் சங்கம் மணமாகாத பெண்களை அனுப்ப ஆர்வம் காட்டவில்லை. 1861இல் நியூயார்க்கில் பல சபைப் பெண்களும் சேர்ந்து நிறுவிய பொதுச் சங்கம் ஒன்று இருந்தது. எனினும், இசபெல்லா தம் சொந்தத் திருச்சபையின் வாயிலாகவே செல்ல விரும்பினார். அவருக்கு 3 ஆண்டுகள் காத்திருப்பிலேயே கழிந்தன.

1869 மார்ச் 23ஆம் நாள், பாஸ்டன் நகரின் டிரெமாண்ட் தெரு மெதடிஸ்ட் ஆலயத்தில் ஒரு கூட்டம் கூட்டப்பட்டது. அழைத்தவர்களுள் முக்கியமானோர், இந்தியாவில் பணியாற்றித் திரும்பியிருந்த லோயிஸ் பார்க்கர், கிளமென்டினா பட்லர் என்னும் இருவர். நகரின் ஆலயங்கள் பலவற்றுக்கும் அழைப்பு அனுப்பப்பட்டிருந்தது. அன்று பார்த்துக் கடும் மழை. வந்து சேர்ந்தவர்கள் எண்மர்! வேறொருவராயின் கூட்டத்தைத் தள்ளி வைத்திருப்பர். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. பெண்கள் அயல்நாட்டு மிஷன் சங்கம் அன்றே உருவாயிற்று. ஒரு வாரத்திற்குள் அதன் அமைப்பு விதிகளும் ஏற்கப்பட்டன.

உறுப்பினர் கட்டணம் ஆண்டுக்கு 1 டாலர். அதை மொத்தமாகக் கேட்டால் பல இல்லத்தரசிகளுக்குக் கணவரிடம் கையேந்த வேண்டி வரும். ஆகவே வாரம் 2 சென்ட், அதனுடன் ஒரு ஜெபம் என்று வகுத்தனர். (இங்கே சென்ட் என்பது நம் ஊர் நில அளவையன்று, டாலரில் நூற்றில் ஒரு பங்கு.) 52 வாரங்களுக்கு 104 சென்ட், கட்டணம் போக 4 சென்ட் மிச்சம்! வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துப் போடுவதற்கென்று சிறு காணிக்கைப் பெட்டிகளும் வழக்கத்திற்கு வந்தன. நற்செய்தி நூலில் ஏழை விதவை ஒருத்தி போட்ட இரண்டு காசு அவர்கள் நெஞ்சில் இருந்திருக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. திருச்சபையின் பொது மிஷன் சங்கத்துச் செயலர்கள் பெண்களின் முயற்சியை வாழ்த்தினர். கூடவே அஞ்சவும் செய்தனர். பெண்கள் தனியே பணம் திரட்டினால் தங்களுக்கு வரும் காணிக்கை குறைந்துவிடுமே என்பது அவர்கள் கவலை. பெண்கள் திரட்டட்டும், செலவிடுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது அவர்களது யோசனை. பெண்கள் அதற்கு இணங்கவில்லை. திரட்டுகிறவர்களே செலவையும் தீர்மானிக்க வேண்டும் என்று உறுதியாக நின்றனர். பேச்சுக்குப் பின் ஓர் உடன்பாடு பிறந்தது. பெண்கள் சங்கம் தன் நிதியைத் தானே நிருவகிக்கலாம். ஆனால், வழக்கமான ஆராதனைக் கூட்டங்களில் காணிக்கை எடுக்கக் கூடாது. மிஷனெரிகளை நியமிக்கும்போது பொதுச் சங்கத்தின் இசைவு வேண்டும். களத்தில் அவர்கள் பேராயரின் அதிகாரத்திற்கு உட்பட்டவர்கள். 1872இல் கூடிய பொதுப் பேரவை இச்சங்கத்திற்கு முறையான அங்கீகாரம் வழங்கியது.

ஆராதனையில் காணிக்கை எடுக்கக் கூடாது என்ற அந்த நிபந்தனை ஒரு தடையாகவே விதிக்கப்பட்டது. என் கருத்தில் அதுவே அவர்களுக்கு வாய்ப்பாகவும் அமைந்தது. மேடையில் நின்று கேட்க முடியாததால் வீடு வீடாகச் செல்ல வேண்டியதாயிற்று. ஊர்தோறும் கிளைகள், மாதந்தோறும் கூட்டங்கள், வரவு செலவுக் கணக்குகள் என்று பெருகின. மேடையேறிப் பேசியறியாத பெண்கள் அங்கே தலைமை தாங்கவும் கணக்கு எழுதவும் கற்றனர்.

இவ்வளவுக்கும் முன்னரே, 1869ஆம் ஆண்டிலேயே, முதல் சோதனை வந்துவிட்டது. இசபெல்லா புறப்பட ஆயத்தமாக இருந்தார். கையில் போதிய பணம் இல்லை. பணமில்லை என்பதற்காக அவரை இழப்பதா, விலையுயர்ந்த ஆடைகளைத் துறந்து சாதாரணச் சீட்டித் துணி உடுத்தி பாஸ்டன் தெருக்களில் நடந்தாவது அனுப்புவோம் என்ற பொருள்படக் கூட்டத்தில் ஒரு பெண்மணி பேசினார். அனுப்புவதென முடிவாயிற்று. பரேலியிலிருந்து ஒரு பெண் மருத்துவர் வேண்டுமென்ற கோரிக்கையும் வந்திருந்தது. அவ்வாண்டுதான் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றிருந்த கிளாரா ஸ்வெயினும் தேர்வானார். ஒருவரை அனுப்பவே பணமில்லாதிருந்த சங்கம் இருவரை அனுப்பியது! 1869 நவம்பர் 3ஆம் நாள் நியூயார்க்கில் கப்பலேறிய அவர்கள் 1870 ஜனவரியில் இந்தியா வந்தடைந்தனர்.

லக்னோவில் இசபெல்லாவுக்கு அண்ணனே முதல் பாடமானார். தம் கடிதங்கள் சிலவற்றைப் படியெடுக்குமாறு அவர் கொடுத்தார். தங்கையும் செய்து தந்தார். பிறகுதான் ஜேம்ஸுக்கு உறைத்தது: இவள் என் எழுத்தர் அல்லள், என்னைப் போலவே திருச்சபையால் அனுப்பப்பட்டவள், இவளுடைய நேரமும் பணியும் உரிமையும் என்னுடையவற்றுக்குச் சமமானவை. இதை மறைக்காமல் அவரே பின்னாளில் எழுதி வைத்திருப்பது பாராட்டத்தக்கது. 1870 ஏப்ரல் 18 அன்று அமீனாபாத் கடைவீதியில் ஓர் அறையில் பள்ளி தொடங்கியது. மாணவியர் 6 பேர்; கலகம் வருமோ என்ற அச்சத்தில் வாசலில் தடியுடன் ஒரு காவல். அப்பள்ளி லால் பாக் தோட்டத்திற்கு மாறி வளர்ந்து, 1886இல் கல்லூரி வகுப்புகளையும் தொடங்கியது.

பரேலியில் கிளாரா அம்மையார் முதலாண்டிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கவனித்தார். அனாதை விடுதிச் சிறுமியரையும் மணமான பெண்கள் சிலரையும் சேர்த்து மருத்துவ வகுப்பு நடத்தினார். 1873இல் அவர்களுள் 13 பேர் தேர்ச்சி பெற்றனர். மருத்துவமனைக்கு இடம் வேண்டியிருந்தது. அருகில் இருந்த தோட்டமோ ராம்பூர் நவாபுக்குச் சொந்தம். கிறிஸ்தவ ஊழியர்களை அவர் விரும்புவதில்லை என்பது ஊர்ப்பேச்சு. 1871இல் அஞ்சியஞ்சிச் சென்று, அதை விலைக்குத் தருவாரா என்று கேட்க எண்ணினர். நவாப் சுமார் 40 ஏக்கர் நிலத்தையும் அதிலிருந்த மாளிகையையும் இலவசமாகவே கொடுத்துவிட்டார்! 1874 தொடக்கத்தில் மருத்துவமனை திறக்கப்பட்டது.

அனுப்பியவர்களுக்கும் சென்றவர்களுக்கும் இடையே பாலமாக ஒரு மாத இதழ் 1869லேயே தொடங்கப்பட்டது. மிஷனெரிகளின் கடிதங்களைத் தாங்கி அது வீடுகளுக்குச் சென்றது. அதன் பெயர் ‘அஞ்ஞானப் பெண்ணின் தோழி’ என்று பொருள்படும். இன்று அப்பெயர் நம் செவிக்கு உறுத்துகிறது; 1896இல் அவர்களே அதை மாற்றிவிட்டனர். இந்தியப் பெண்களுக்கெனவும் இச்சங்கம் 1884இல் லக்னோவிலிருந்து ஓர் இதழை வெளியிடலாயிற்று. அவ்விதழின் தமிழ்ப் பதிப்பே ‘மாதர் மித்திரி’. இரண்டு சென்ட் காணிக்கை இவ்வழியே தமிழகத்தையும் தொட்டது.

1900ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடைபெற்ற உலக மிஷன் மாநாட்டில் இசபெல்லாவுடன் அவருடைய மாணவியும் லக்னோ கல்லூரிப் பேராசிரியையுமான லீலாவதி சிங் பேசினார். கேட்டிருந்த முன்னாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹாரிசன், தாம் மிஷன் பணிக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்து, அதன் பயனாக இவர் ஒருவரே கிடைத்திருந்தாலும் நிறைவடைந்திருப்பேன் என்ற கருத்தைச் சொன்னதாகக் கூறுவர். கொடுத்தவர்கள் பலரும் அத்தொகையைக் கனவிலும் கண்டிராதவர்கள். மறு ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் இசபெல்லா காலராவினால் லக்னோவில் காலமானார். கிளாரா பரேலியை விட்டு 1885இல் ராஜபுதனத்துக் கேத்ரி அரண்மனைக்கு மருத்துவராகச் சென்று பத்தாண்டுக்கும் மேல் பணியாற்றி, 1910இல் தாய்நாட்டில் மறைந்தார்.

பெண்கள் சங்கமோ மேலும் பல ஆண்டுகள் தன் மிஷனெரிகளைத் தானே தேர்ந்தெடுத்து அனுப்பி வந்தது. 1939இல் அமெரிக்க மெதடிஸ்ட் சபைகள் ஒன்றிணைந்தபோது அது வேறு பெண்கள் அமைப்புகளுடன் இணைக்கப்பட்டது. அயல்நாட்டுப் பணியை நேரடியாக நிருவகிக்கும் பொறுப்பு 1964இல் பெண்களிடமிருந்து திருச்சபையின் பொது மன்றத்திற்கு மாறியது. 1869இல் செயலர்கள் கேட்டது 95 ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது.