தோட்ட வேலை செய்து பிழைத்த உலக சாம்பியன்! ஆண்களையும் முந்திய சைக்கிள் ராணி

உடம்பை வருத்தும் எந்த வேலையும் கூடாது என்று டாக்டர்கள் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பிய ஒரு சிறுமி, பின்னாளில் சைக்கிள் பந்தயத்தில் 7 முறை உலக சாம்பியன் ஆனார்.

அதோடு நிற்கவில்லை. 12 மணி நேரப் பந்தயத்தில் ஆண்களை விட அதிக தூரம் ஓட்டி, எல்லோரையும் வாயடைக்க வைத்தார்.

இத்தனைக்கும் அவர் பணக்கார வீட்டுப் பெண் அல்ல. தோட்டத்தில் மண் வெட்டி, சுமை தூக்கிக் கூலி வாங்கியவர். பெயர் பெரில் பர்ட்டன். இங்கிலாந்து நாட்டில் யார்க்ஷயர் பகுதியைச் சேர்ந்தவர்.

படுத்த படுக்கை

1937-ம் ஆண்டு மே 12-ந் தேதி லீட்ஸ் நகரில் பிறந்தார் பெரில். நன்றாக ஓடி ஆடிய பிள்ளைதான். சுமார் பத்து வயதில் வாத ஜுரம் வந்து ஆளைப் போட்டு அடித்துவிட்டது. கை கால் இழுத்துக்கொண்டது. கொஞ்ச காலம் வாய் பேசவும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் 9 மாதம். அதன் பிறகு உடம்பு தேற்றும் விடுதி ஒன்றில் 15 மாதம். ஆக இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. படிப்பும் போயிற்று. இருதயம் பலவீனம், ஜாக்கிரதை என்று எச்சரித்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பிறகு ஒரு துணி தைக்கும் கம்பெனியில் வேலைக்குப் போனார். அங்கேதான் சார்லி பர்ட்டனைச் சந்தித்தார். சார்லிக்கு சைக்கிள் என்றால் உயிர். காதலிக்கும் சைக்கிள் ஆசை தொற்றிக்கொண்டது. 1955-ல் கல்யாணம். மறு வருஷமே பெண் குழந்தை. டெனிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

முதுகைப் பிடித்துத் தள்ளினார்கள்

ஆரம்பத்தில் பெரில் ஒன்றும் பெரிய வீராங்கனை இல்லை. சார்லியும் அவர் கூட்டாளிகளும் கூட்டமாகப் போகும்போது, மேட்டில் பெரில் பின்தங்கிவிடுவார். முதுகில் கை கொடுத்துத் தள்ளிக்கொண்டு போவார்களாம். இரண்டாவது வருஷம் அவர்களுக்குச் சமமாக ஓட்டினார். மூன்றாவது வருஷம் அவர்தான் முன்னால். மற்ற எல்லோரும் பின்னால். பின்னாளில் சார்லியே சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது.

மனைவியின் கால் பலத்தைப் பார்த்ததும் சார்லி ஒரு முடிவுக்கு வந்தார். தன்னுடைய பந்தய ஆசையை மூட்டை கட்டி வைத்தார். சைக்கிளைக் கழற்றி மாட்டுவது அவர். குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் அவர். பந்தயத்தன்று ரோட்டோரம் நின்று தண்ணீரும் தின்பண்டமும் நீட்டுவதும் அவரே. 1950-களில் ஒரு புருஷன் இப்படிச் செய்தது சாதாரண விஷயம் இல்லை.

பகலில் கூலி, ஞாயிறில் பந்தயம்

பெரில் வேலை பார்த்தது மார்லி என்ற ஊரில் இருந்த ரூபார்ப் தோட்டத்தில். ரூபார்ப் என்பது ஒரு வகைப் புளிப்புத் தண்டு. சர்க்கரை போட்டு வேகவைத்துத் தின்பார்கள். அந்தப் பக்கத்தில் அது பெரிய சாகுபடி. தோட்டக்காரர் நிம் கார்லைனும் ஒரு சைக்கிள் பந்தயக்காரர்தான்.

குளிரிலும் மழையிலும் குனிந்து வெட்டுவது, கனமான கிழங்கைத் தூக்கிப் போடுவது, கூடை சுமப்பது இதெல்லாம் பெரிலின் அன்றாட வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் சமையல், துணி துவைப்பு. மிச்ச நேரத்தில் மைல் கணக்கில் சைக்கிள் பயிற்சி.

பணம் வாங்கிக்கொண்டு ஓட்டும் தொழில்முறை வீராங்கனையாக வரும்படி அழைப்பும் வந்தது. மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கடைசி வரை அமெச்சூராகவே ஓட்டினார். ஜெயித்தால் கோப்பை, மெடல், கைதட்டல். வயிற்றுப்பாட்டுக்கு திங்கட்கிழமை காலையில் மறுபடியும் தோட்டம்!

வெற்றி மேல் வெற்றி

1959-ல் பெல்ஜியம் நாட்டில் லீஜ் நகரில் முதல் உலகப் பட்டம் கிடைத்தது. அது பர்சூட் பந்தயம். ஓடுபாதையின் எதிரெதிர் பக்கத்தில் இரண்டு பேர் நின்று, ஒரே நேரத்தில் கிளம்பி ஒருவரை ஒருவர் துரத்த வேண்டும். இதே பந்தயத்தில் 1960, 1962, 1963, 1966 என்று மொத்தம் 5 முறை உலகப் பட்டம் பெற்றார். ரோடு ரேஸில் 1960-லும் 1967-லும் உலக சாம்பியன்.

உள்ளூரில் கேட்கவே வேண்டாம். பிரிட்டனின் சிறந்த பெண் ஓட்டக்காரர் பட்டத்தை 1959 முதல் 1983 வரை தொடர்ந்து 25 வருஷம் யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை! தேசியப் பட்டங்கள் மட்டும் 90-க்கும் மேல். 25 மைலை ஒரு மணி நேரத்துக்குள் கடந்த முதல் பிரிட்டிஷ் பெண்ணும் அவரே. இது நடந்தது 1963-ல். 1964-ல் எம்.பி.இ., 1968-ல் ஓ.பி.இ. என்று அரசு விருதுகளும் வந்தன.

அதிமதுர மிட்டாய்!

1967-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி நடந்ததுதான் இன்று வரை பேசப்படும் சம்பவம்.

யார்க்ஷயரில் 12 மணி நேர டைம் டிரையல் பந்தயம். ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியே கிளம்ப வேண்டும். முன்னால் போகிறவன் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு காற்றிலிருந்து தப்பிக்க முடியாது. 12 மணி நேரத்தில் யார் அதிக தூரம் போகிறாரோ அவரே வெற்றியாளர்.

முதலில் 99 ஆண்கள் கிளம்பினார்கள். அவர்களில் கடைசி ஆள், பேர்போன வீரர் மைக் மக்னமாரா. அவர் போய் 2 நிமிஷம் கழித்து பெரில் கிளம்பினார். பெண்களுக்குத் தனிப் போட்டி என்றாலும் ரோடு ஒன்றுதான்.

மணி ஆக ஆக, பெரில் ஆண்களை ஒவ்வொருவராகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே வந்தார். சுமார் 235 மைல் ஓட்டிய பிறகு கண்ணுக்கு முன்னால் மக்னமாரா. அவரும் சும்மா இல்லை. ஆண்கள் சாதனையை முறியடிக்கும் வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தார்! அவர் முதுகைப் பார்த்ததும் தனக்கே உடம்பு சிலிர்த்துப் போனதாக பெரில் பின்னாளில் எழுதினார்.

பக்கத்தில் போய்விட்டார். என்ன பேசுவது? பாவம், அந்த மனுஷனும் உயிரைக் கொடுத்து மிதிக்கிறார். பெரில் சட்டைப் பைக்குள் கையை விட்டார். ஒரு அதிமதுர மிட்டாயை எடுத்து நீட்டினார். மக்னமாராவும் நன்றி சொல்லி வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். பெரில் ஒரே மிதி! முந்திப் போய்விட்டார்.

அன்று மக்னமாரா ஓட்டியது 276.52 மைல். ஆண்களில் அது புதிய சாதனை. பெரில் ஓட்டியதோ 277.25 மைல்! அதாவது சுமார் 446 கிலோ மீட்டர். 1969 வரை எந்த ஆணும் அந்தத் தூரத்தைத் தாண்டவில்லை. பெண்களில் 2017 வரை, சரியாக 50 வருஷம், அந்தச் சாதனை அசையாமல் நின்றது.

இந்தப் பந்தயத்துக்கு இரண்டே வாரம் முன்னால்தான் நெதர்லாந்து போய் உலக ரோடு ரேஸ் பட்டத்தை ஜெயித்து வந்திருந்தார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

மகளோடு மல்லுக்கட்டு

மகள் டெனிஸும் சைக்கிள் வீராங்கனை ஆனார். 1972-ல் தாயும் மகளும் ஒரே அணியில் உலகப் போட்டிக்குப் போனார்கள். 1975-ல் மகளுக்கு உலக பர்சூட் போட்டியில் வெண்கலம் கிடைத்தது.

1976-ல் தேசிய ரோடு ரேஸ். கடைசி சில கஜத்தில் தாயை முந்தி மகள் ஜெயித்துவிட்டார். மற்ற தாயாக இருந்தால் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்திருப்பார். பெரில், மேடையில் மகளுக்குக் கை கொடுக்கவே மறுத்துவிட்டார்! வழியெல்லாம் முன்னால் நின்று காற்றை வாங்கி உழைத்தது நான், மகள் தன் பங்குக்கு உழைக்கவில்லை என்பது அவர் ஆத்திரம். அன்று நடந்துகொண்டது சரியல்ல என்று பிறகு தன் சுயசரிதையில் ஒப்புக்கொண்டார்.

தோல்வி என்றால் பெரிலுக்கு அப்படி ஒரு கசப்பு. எதிரே நிற்பது பெற்ற மகளே ஆனாலும் சரி. அந்தக் குணம்தான் ஜெயிக்க வைத்தது. அதே குணம்தான் வீட்டுக்குள் சண்டையும் கொண்டு வந்தது.

ஆனால் தாய்-மகள் உறவு அறுந்துவிடவில்லை. 1982-ல் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில், இருவர் மிதிக்கும் டாண்டம் சைக்கிளில் ஏறினார்கள். 10 மைலை 21 நிமிஷம் 25 விநாடியில் கடந்து பிரிட்டிஷ் சாதனை படைத்தார்கள்.

ஒலிம்பிக் கிடைக்கவில்லை

இவ்வளவு சாதித்தும் பெரிலிடம் ஒரு ஒலிம்பிக் மெடல் கிடையாது. தோற்றதால் அல்ல. போட்டியே கிடையாது! ஆண்களுக்கு 1896 முதலே ஒலிம்பிக்கில் சைக்கிள் பந்தயம் உண்டு. பெண்களுக்கு 1984-ல்தான் கதவு திறந்தது. அப்போது பெரிலுக்கு 47 வயது.

பேர், புகழ் என்று பார்த்தாலும் அதே கதைதான். அவர் நாட்டிலேயே சைக்கிள் வட்டாரத்துக்கு வெளியே பலருக்கு அவர் யார் என்று தெரியாது. 2012-ல் நடிகை மேக்சின் பீக் ரேடியோ நாடகமாக எழுதிய பிறகுதான் ஊர் உலகம் திரும்பிப் பார்த்தது. மார்லியில் அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. சுவரில் அவர் சைக்கிள் ஓட்டும் பெரிய ஓவியம் தீட்டியிருக்கிறார்கள்.

கடைசிப் பயணம்

1996-ம் ஆண்டு மே 5-ந் தேதி. தன் பிறந்த நாள் விருந்துக்கு வரும்படி நண்பர்களுக்கு அழைப்புக் கொடுக்க பெரில் சைக்கிளில் கிளம்பினார். போகிற வழியில் சுருண்டு விழுந்தார். சின்ன வயதில் டாக்டர்கள் பயந்த அந்த இருதயம் நின்றுவிட்டது.

59-வது பிறந்த நாளுக்கு ஏழே நாள் பாக்கி இருந்தது.