வெப்ப அலை இல்லையென்றால் மாட்டுக்குப் புழுக்கமும் இல்லையா?

மே 4-இல் கத்திரி தொடங்குகிறது. ஸ்ரீபெரும்புதூர், பென்னலூர், ஒரகடம் பக்கத்து வாசகர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம்: வெப்ப அலை என்று யாரும் அறிவிக்காத நாளிலும் கறவை ஏன் குறைகிறது? அந்த அறிவிப்பு மாட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல என்பதுதான் பதில். வானிலைத் துறையின் வரையறைப்படி, பகல் வெப்பம் சமவெளியில் 40 டிகிரியை, கடலோரத்தில் 37 டிகிரியைத் தொட வேண்டும். கூடவே அந்த ஊரின் வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும்; 45 டிகிரியை எட்டினால் மட்டும் இந்த ஒப்பீடு தேவையில்லை. அதாவது, வழக்கமாகவே வேகும் ஊருக்கு வெப்ப அலை லேசில் வராது. ‘வெப்பமான இரவு’ என்றும் ஒரு வகை வைத்திருக்கிறார்கள். ஆனால் பகல் 40-ஐத் தொட்டிருந்தால்தான் அந்த இரவு கணக்கில் சேரும். பகல் 38-இல் நின்றுவிட்டால் இரவு எப்படிப் புழுங்கினாலும் ஏட்டில் ஏறாது. கறவை மாட்டின் பாடு அந்த ஏறாத இரவில்தான்.

கால்நடை ஆய்வாளர்கள் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து ஒரு குறியீட்டெண் போடுகிறார்கள். அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த தாம் (Thom) என்பவர், மனிதர்களின் புழுக்கத்தை அளக்க 1959-இல் முன்வைத்தது அது. பின்னர் மாட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். 72-ஐத் தாண்டினால் மாடு திணறும் என்பது பழைய வரம்பு. நாளுக்கு 35 கிலோவுக்கு மேல் கறக்கும் மாடுகளுக்கு அதை 68 ஆக இறக்க வேண்டும் என்று அரிசோனா பல்கலைக்கழகத்தார் 2009-இல் சொன்னார்கள். 38 டிகிரியும் 40 சதவீத ஈரப்பதமும் உள்ள பகலுக்குக் கணக்குப் போட்டால் 86 வருகிறது. அதில் வியப்பில்லை. 27 டிகிரியும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள இரவுக்குப் போட்டால் 79. சென்னைச் சுற்றுவட்டாரத்தின் மே மாத இரவு ஏறக்குறைய இதுதான்.

இந்த 79 ஏன் அந்த 86-ஐவிடக் கவலை தருகிறது? மாட்டின் முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் தீவனத்தைப் புளிக்கவைக்கும்போது ஓயாமல் சூடு பிறக்கிறது. வைக்கோல்போன்ற நார்த் தீவனத்தில் இன்னும் கூடுதலாக. பகலில் வெளியேற்ற முடியாத சூட்டை உடம்பு தேக்கி வைத்து, இரவுக் காற்றில் இறக்குகிறது. பகல் கடனை இரவில் அடைக்கிற ஏற்பாடு இது. காற்று ஈரமாக இருந்தால் வியர்வையும் மூச்சின் ஈரமும் எளிதில் ஆவியாகாது. கடன் அடையாமலே பொழுது விடிந்துவிடும். அரிசோனாப் பாலைவனத்து மாடுகளைப் பற்றி 1992-இல் வெளியான ஆய்வு, 21 டிகிரிக்குக் கீழே மூன்று முதல் ஆறு மணி நேரம் கிடைத்தாலே பால் இழப்பு மட்டுப்படும் என்கிறது. நமக்கு மே மாதத்தில் அந்த 21 ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது. ஆக, 41 டிகிரி அடிக்கும் வறண்ட ஊரின் மாடு, எச்சரிக்கையே வராத நம் பக்கத்து மாட்டைவிடத் தேவலையாக இருக்கலாம். இழப்பு லிட்டரோடு நிற்பதுமில்லை. விடாமல் மூச்சிரைக்கும் மாடு, இரைப்பையின் புளிப்பை அடக்கும் உமிழ்நீரை ஒழுகவிடுகிறது. புளிப்பு ஏறினால் பாலில் கொழுப்பு இறங்கும். பால் சொசைட்டியில் ஃபேட்டும் (கொழுப்பு) எஸ்.என்.எஃப்-உம் (கொழுப்பற்ற திடப்பொருள்) பார்த்துத்தானே விலை போடுகிறார்கள்!

72 என்பது சீமை மாட்டின் கணக்கு, நம் கலப்பினத்துக்கு எப்படிப் பொருந்தும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. எட்டு, பத்து லிட்டர் கறக்கும் ஜெர்சிக் கலப்பினத்தின் உடம்பில் பிறக்கும் சூடும் குறைவு. அதன் வரம்பு சில புள்ளிகள் மேலே இருக்கலாம். ஆனால் பகல் 86, இரவு 79 என்று இரண்டு வேளையும் மேலேயே நின்றால் வரம்பைத் தள்ளி வைத்து என்ன பயன்? தீவனம் எடுக்காததால்தான் பால் குறைகிறது, அடர் தீவனத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்பது இன்னொரு வாதம். வெயிலில் வாடிய மாடு தின்ற அளவையே குளிர்ந்த இடத்து மாட்டுக்கும் கொடுத்துப் பார்த்த சோதனைகளில், தீனிக் குறைவால் நேர்ந்தது பால் இழப்பில் ஏறத்தாழ பாதிதான். மீதி, சூட்டில் உடம்பின் இயக்கமே மாறுவதால் வருவது.

கோடை அறிவுரைகளோ பெரும்பாலும் பகலையே பேசுகின்றன: நிழலில் கட்டு, தண்ணீர் காட்டு, உச்சி வெயிலில் மேய்க்காதே. தவறில்லை, பாதிதான். சிப்காட் வளாகங்கள் பெருகி மேய்ச்சல் நிலம் சுருங்கிய இந்தப் பகுதியில், வீட்டை ஒட்டிய ஷீட் கொட்டகையில் திருட்டுக்குப் பயந்து அடைத்துக் கட்டிய மாட்டுக்கு வேண்டியது இரவுக் காற்று. பக்கத் தடுப்புகளை எடுத்துவிடலாம். முடிந்தால் வெட்டவெளியில் கட்டலாம். இரவிலும் தொட்டியில் தண்ணீர் நிற்க வேண்டும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

தண்ணீர் தெளித்தால் போதாதா? மின்விசிறியும் சேர்ந்தால் நல்லது. காற்றோட்டமில்லாத கொட்டகையில் தெளிப்பது புழுக்கத்தைத்தான் கூட்டும்.

முதுகில் ஈரச்சாக்கு? வேண்டாம், கொட்டகையின் பக்கங்களில் தொங்கவிடுங்கள்.

எருமை? வியர்வைச் சுரப்பி குறைவு, தோலும் கறுப்பு, குட்டையில் இறக்குங்கள்.

மாடு திணறுவதை எப்படி அறிவது? விடியுமுன் விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினால் இரவு அதற்கு உதவவில்லை.

இன்சூரன்ஸ்? வழக்கமான பாலிசி செத்த மாட்டுக்குத்தான், குறைந்த பாலுக்கு அல்ல. கேரளத்தில் பால் கூட்டுறவு அமைப்பான மில்மா 2023-இல் வெப்பநிலை அளவை வைத்தே இழப்பீடு தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது.